சுங்கை சிப்புட் தோட்டம், திருச்சி ஜில்லா: இதே வேரைத் தேடுகிறவர்களை எப்படிப் பிடிப்பது?

சிப்புட்_பேத்தி
வணக்கம். பூட்டனார் 1920-களில் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்) கூட்டிவந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினவர். கையில் இருப்பது தாத்தாவின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), பழைய ஐசி (அடையாள அட்டை). ஊர் கேட்டால் வீட்டில் 'திருச்சி ஜில்லா' என்பதோடு சரி. முகநூல் குழுக்களில் 'முனியாண்டி குடும்பம் தெரியுமா?' என்று போட்டால் ஊருக்கு ஒரு முனியாண்டி வருகிறார். எப்படிக் கேட்டால் சரியான ஆள் கிடைப்பார்? டிஎன்ஏ உதவுமா?

கித்தாக்காடு
பெயரை வைத்துக் கேட்டால் வேலைக்காகாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பின்னால் ஒட்டும் அப்பா பெயரும் அடுத்த தலைமுறையில் மாறிப்போகும். தோட்டத்தையும் கங்காணியையும் முன்னால் வையுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் கட்டினார். அதனால் உங்கள் ஊர் உங்களுக்கு மறந்திருந்தாலும், அதே கங்காணியோடு வந்த இன்னொரு குடும்பம் அதைச் சொல்லக்கூடும். நீங்கள் தேட வேண்டியது சொந்தக்காரரை அல்ல, பக்கத்து வீட்டுக்காரரை.

பதிவு இப்படி இருக்கட்டும்: 'சுங்கை சிப்புட், இன்ன தோட்டம், இன்ன டிவிஷன் (தோட்டப் பிரிவு), 1925 முதல் 1960 வரை. கங்காணி இன்னார். திருச்சி ஜில்லா. குலதெய்வம் இன்னது. இதே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்தவர்கள் எழுதவும்.' துரைமார் வைத்த தோட்டப் பெயர் வேறு, லயத்தில் வழங்கிய பெயர் வேறு, இரண்டையும் போடுங்கள். குலதெய்வத்தை விட்டுவிடாதீர்கள். அது ஒன்றானால் பெரும்பாலும் பங்காளி. வேறானால் சம்பந்தி வழியாக இருக்கலாம்.

1950, 60-களில் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலின்போது சனங்கள் சிதறினார்கள். பக்கத்து ஊர்களான ஈப்போ, கோலகங்சார் குழுக்களிலும் அதே பதிவைப் போடுங்கள். இன்னொன்று: கங்காணி ஆள்சேர்ப்பை இந்திய அரசு 1938-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பின் 'கங்காணியோடு வந்தோம்' என்று ஒருவர் சொன்னால் ஆண்டை மறுபடி கேளுங்கள்.

ஆயாக்கொட்டாய்
அந்தக் காலத்துத் 'திருச்சி ஜில்லா' இன்றைய திருச்சி மாவட்டம் இல்லைங்க. கொஞ்சப் பகுதி 1974-ல் புதுக்கோட்டைக்குப் போனது. 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. அரியலூர் அதற்கும் பிறகு. இந்த மாவட்டக் குழுக்கள் எல்லாவற்றிலும் கேட்கணும்.

எழுத்துக்கூட்டலும் காலை வாரும். கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதினார். லட்சுமி இங்கே மலேசியாவில் ஆங்கிலத்தில் எல்-இ-டி-சி-எச் என்று தொடங்குவாள், தமிழ்நாட்டில் எல்-ஏ. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் தேடும்போது சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்க. ஒரே ஓர் எழுத்து என்றால் கேள்விக்குறி.

ஐசி படத்தை அப்படியே ஏற்றிவிடாதீங்க. இப்போதைய ஐசி எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்க. உயிரோடு இருப்பவர்கள் பெயரும் பொதுவில் வேண்டாம்.

மாமன்மகள்
டிஎன்ஏ உதவும், ஆனால் மொத்த எண்ணை நம்பாதீர்கள். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்களாக இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரியாக 230 சென்டிமார்கன் (பகிர்ந்த டிஎன்ஏவின் அளவு) பொருந்தும் என்பது சொந்தத்தில் கட்டாதவர்களுக்கான கணக்கு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நமக்கு, தூரத்து உறவும் கிட்டத்து உறவு போல ஊதித் தெரியும். பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளில் ஆக நீளமானதைப் பாருங்கள். மொத்தம் 200 இருந்தும் ஒவ்வொரு துண்டும் பத்து, பன்னிரண்டு என்று சிறுத்திருந்தால் அது பழைய உறவு பல வழியில் வந்து சேர்ந்தது.

பொருந்தியவருக்கு வம்சாவளியை முழுக்க அனுப்பினால் மிரண்டு ஓடிவிடுவார். முதல் கடிதத்தில் ஒரே கேள்வி: 'உங்கள் பாட்டன் எந்தத் தோட்டம்?'

சிப்புட்_பேத்தி
நன்றி. கங்காணி பெயரே தெரியாவிட்டால்?

கித்தாக்காடு
தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பழைய உபயப் பலகை (நன்கொடையாளர் பெயர்ப் பலகை) இருந்தால் பாருங்கள். கங்காணி, கிராணி, தண்டல் (வேலை மேற்பார்த்தவர்) பெயர்கள் அதில் இருக்க வாய்ப்புண்டு. தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

போவதென்றால் திருவிழா அன்று போங்கள். வெளியூர் போனவர்களும் அன்றைக்கு வருவார்கள். தாத்தாவின் படத்தைக் கொண்டுபோங்கள், பட்டப்பெயரையும் விசாரித்துக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு ஐசியில் உள்ள பெயரைவிட அதுதான் சட்டென்று பிடிபடும். மூலப்படம் வேண்டாம், நகல் போதும். பின்னால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி அங்கேயே நாலு பேரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.