43 அங்குல 4கே ரீவியை கொம்பியூட்டருக்கு மாட்டினேன், எழுத்து மங்கல் – உதவி தேவை

திருமலை அச்சுக்கடை:
வணக்கம். திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, கல்யாண அட்டை, பேனர், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கிற சின்னப் புத்தகம்) எல்லாம் செய்வோம். பழைய 19 அங்குல மொனிட்டர் செத்துப் போனதால் போன கிழமை 43 அங்குல 4கே ரீவி ஒன்றை வாங்கி மாட்டினேன்.

யூடியூப் போட்டால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வேலைக்கு உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் நனைந்த தாளில் அடித்த மாதிரி. கறுப்பு எழுத்தையாவது சமாளிக்கலாம். கல்யாண அட்டையில் மஞ்சளுக்கு மேல் சிவப்பு எழுத்து வந்தால் ஓரம் அப்படியே கரைந்து போகிறது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு. நேற்று ஒரு கல்வெட்டில் 'கண்ணீர்' என்பது 'கண்ணிர்' என்று அச்சாகிப் போனது. ணி எது, ணீ எது என்று திரையில் பிரியவில்லை. துக்க வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடக் கஷ்டம். 50 புத்தகத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

கொம்பியூட்டர், பாவித்த ஆபீஸ் பெட்டி. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. பின்னால் திரை மாட்டுகிற வாயில் விஜிஏ ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் இரண்டு, ரீவிக்கு வேண்டிய எச்.டி.எம்.ஐ இல்லை. ரீவி வாங்கிய கடையில் டிஸ்ப்ளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ ஆக்குகிற ஒரு சின்னக் கன்வேர்ட்டர் தந்தார்கள். டாஸ்க்பாரும் கீழே பாதி வெட்டுப்படுகிறது. ரீவியைத் திருப்பிக் கொடுக்கவா?

கொட்டியாரம்:
கடற்காற்று, வேறென்ன. நம்ம ஊரில் எந்தப் பிளக்கைக் கழற்றினாலும் பச்சை பிடித்துத்தான் இருக்கும். வயரை மாற்றிப் பாருங்கள்.

வயர்ப்பெட்டி:
கொட்டியாரம் அண்ணா, உப்புக்காற்று உண்மைதான், ஆனால் அது விஜிஏ காலத்துக் கதை. எச்.டி.எம்.ஐ வயர் பழுதானால் எழுத்து மங்காது. திரையில் வெள்ளைப் பொட்டு மினுங்கும், இல்லாவிட்டால் படம் போய்ப் போய் வரும். மங்கலாக, ஆனால் ஆடாமல் நிற்கிறது என்றால் வயரைச் சந்தேகப்பட வேண்டாம்.

அச்சுக்கடை அண்ணா, டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஆக்டிவ் சிக்னல் ரெசல்யூஷன்' எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் அளவைப் பார்க்க வேண்டாம், ரீவிக்கு உண்மையில் போகிற அளவு இதுதான்.

திருமலை அச்சுக்கடை:
1920 × 1080, 60 ஹேர்ட்ஸ் தம்பி. 3840 என்பது பட்டியலிலேயே இல்லை.

வயர்ப்பெட்டி:
அப்படித்தான் நினைத்தேன். உங்கள் ரீவியில் இருப்பது 3840 × 2160, கிட்டத்தட்ட 83 இலட்சம் புள்ளி. கொம்பியூட்டர் அனுப்புவது அதில் கால்வாசி. மிச்சத்தை ரீவி தானாக ஊகித்து நிரப்புகிறது. முகத்தையும் கடலையும் ஊகிக்கலாம், ணீயின் சுழியை ஊகிக்க முடியாது. அதனால்தான் யூடியூப் வடிவாகத் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

குற்றவாளி அந்தக் கன்வேர்ட்டர். மலிவானவற்றுக்குள் சிக்னலை மாற்றுகிற சிப் கிடையாது. கொம்பியூட்டர் தானே எச்.டி.எம்.ஐ சிக்னல் அனுப்ப, இது வாயை மட்டும் மாற்றிக் கொடுக்கும். பழைய வகை என்றால் 1080க்கு மேல் போகாது. அடுத்த வகை 4கே கொடுக்கும், ஆனால் 30 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 30 தரம்தான் படம் மாறும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிப் உள்ள 'ஆக்டிவ்' கன்வேர்ட்டர், எச்.டி.எம்.ஐ 2.0. பெட்டியில் '4கே 60 ஹேர்ட்ஸ்' என்று போட்டிருக்க வேண்டும், வெறும் '4கே' என்றால் வாங்காதீர்கள். 4ஆம் தலைமுறை என்று பயப்பட வேண்டாம், அந்த டிஸ்ப்ளே போர்ட் 4கேயை 60இல் தரும்.

அது வரும் வரை ரீவிப் பக்கத்தைச் சரி செய்யுங்கள். டாஸ்க்பார் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்துக் காட்டுகிற பழைய ரீவிப் பழக்கம். படத்தின் அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' இப்படி ஏதாவது பெயரில் இருக்கும். அப்புறம், இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். பல ரீவிகளில் அது வெறும் பெயர் இல்லை. மாற்றாவிட்டால் ரீவி நிறத்தின் விபரத்தைக் குறைத்துத்தான் காட்டும், மஞ்சளில் சிவப்புக் கரைவது அதனால்தான். வெள்ளைக் கோடு, ஓரத்தைக் கூராக்குகிற 'ஷார்ப்னஸ்' செய்கிற வேலை, அதைக் குறையுங்கள். சில ரீவியில் 0 சரி, சிலதில் 50தான் நடு. கோடு மறைகிற இடத்தில் நிறுத்துங்கள்.

திருமலை அச்சுக்கடை:
டாஸ்க்பார் முழுதாக வந்துவிட்டது. வெள்ளைக் கோடும் போய்விட்டது, என் ரீவியில் 0தான். பிசி என்று மாற்றியதும் சிவப்பு எழுத்து பாதி சரி. இதை ரீவிக்காரர் பெட்டியிலேயே எழுதிவிட்டால் என்ன? கன்வேர்ட்டர் இங்கே இரண்டு கடையில் கேட்டேன், 'எல்லாம் ஒன்றுதான்' என்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன்.

*(ஐந்து நாள் கழித்து)*

திருமலை அச்சுக்கடை:
கன்வேர்ட்டர் வந்தது. 3840 வந்துவிட்டது! ஆனால் 30 ஹேர்ட்ஸ்தான் காட்டுகிறது, மவுஸ் சேற்றில் நடக்கிற மாதிரி இழுபடுகிறது. திரும்ப ஏமாந்துவிட்டேனா?

உப்புவெளி மாலா:
அண்ணா, எனக்கும் இதேதான் நடந்தது. கன்வேர்ட்டரில் பிழை இல்லை. பல ரீவியில் எச்.டி.எம்.ஐ வாய் பழைய முறையிலேயே பூட்டித்தான் வரும். ரீவி செட்டிங்ஸில் 'டீப் கலர்', 'என்ஹான்ஸ்ட்' என்று ஒன்று தேடுங்கள், நீங்கள் குத்தியிருக்கிற வாய்க்கு அதை ஒன் பண்ணுங்கள். திரை ஒருதரம் கறுத்து வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் 60 வராவிட்டால் அப்போது வயரை மாற்றுங்கள், மிகப் பழைய வயர் இந்த வேகத்தைத் தாங்காது.

கொட்டியாரம்:
பார்த்தீர்களா, வயர்!

திருமலை அச்சுக்கடை:
60 வந்தது தங்கச்சி, வயர் மாற்றாமலே. சிவப்பு எழுத்தும் இப்போது வெட்டி வைத்த மாதிரி நிற்கிறது. கண்ணுக்குச் சிறிது என்று, எழுத்தைப் பெரிதாக்குகிற விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 வீதம் வைத்தேன். வேர்ட் அருமை. பக்கம் அமைக்கிற பழைய மென்பொருள் பேஜ்மேக்கர் மட்டும் பழையபடி புகை. கல்வெட்டெல்லாம் பாமினி எழுத்துருவில் அதில்தான் கிடக்கிறது.

வயர்ப்பெட்டி:
அந்த மென்பொருள் வந்த காலத்தில் ஸ்கேலிங் பற்றி யார் யோசித்தார்கள்? விண்டோஸ் அதைச் சிறிதாக வரைந்து, போட்டோ மாதிரி இழுத்துக் காட்டுகிறது. ஐகனில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள 'ஓவர்ரைட்' பெட்டியில் சரி போட்டு 'அப்ளிகேஷன்' தெரிவு செய்யுங்கள். எழுத்து கூர்மையாகும், மெனு மட்டும் எறும்பாகிவிடும்.

எறும்பு பிடிக்காவிட்டால் ஸ்கேலிங்கை 100க்கே கொண்டு வாருங்கள். 43 அங்குல 4கே என்பது 21.5 அங்குல 1080 மொனிட்டர் நான்கை ஒட்டி வைத்ததற்குச் சமம், எழுத்தின் அளவும் அதேதான். நான் 100இல்தான் வேலை செய்கிறேன். மாற்றியதும் ஒருமுறை சைன் அவுட் செய்து வாருங்கள்.

திருமலை அச்சுக்கடை:
100 வைத்தேன், கண்ணாடி போட்டால் போதும். ஒரு பக்கம் பேஜ்மேக்கர், பக்கத்தில் வாடிக்கையாளர் அனுப்பிய கையெழுத்துப் பிரதி, இரண்டையும் சேர்த்து வைத்து ஒப்பிடலாம். 'கண்ணீர்' என்று அடித்துப் பார்த்தேன். சுழி தெரிகிறது.

இன்னொன்று. மத்தியானத்துக்குப் பிறகு ரீவி தானாக நின்றுவிடுகிறது. சூடா?

உப்புவெளி மாலா:
சூடு இல்லை அண்ணா. நாலு மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் ஆளில்லை என்று நினைத்து அணைந்துவிடும். 'ஓட்டோ பவர் ஓஃப்' என்று இருக்கும், நிறுத்திவிடுங்கள்.