வரிக்குதிரை மீன் கரு: மஞ்சள் கரு மட்டும் ஒளிர்கிறது, உட்கரு இருட்டு

கேள்வி:
கருவுற்று 6 மணி நேரமான வரிக்குதிரை மீன் கருவில் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடி போட்டேன். 4% பிஎஃப்ஏவில் (கருவை ஃபிக்ஸ் செய்யும், அதாவது அப்படியே நிலைநிறுத்தும் திரவம்) இரவு முழுக்க 4 டிகிரியில், பிறகு மெத்தனால், அப்புறம் ட்ரைட்டன் (ஆன்டிபாடி உள்ளே போக சவ்வைத் திறக்கும் சோப்பு), எல்லாம் வழக்கம்போலத்தான். மைக்ரோஸ்கோப்பில் மஞ்சள் கரு பச்சை பல்பு மாதிரி எரிகிறது, செல் ஓரங்களில் மெல்லிய கோடு தெரிகிறது, முதுகுப்புற உட்கருவில் ஒன்றுமே இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில் 1:
ஓரத்தில் கோடு வருகிறதே, அப்போது ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் புரதம் செல் சவ்வில் கேட்ஹெரினோடு (செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்) ஒட்டிக்கொண்டு எல்லா செல்லிலும் இருக்கும். நீங்கள் தேடும் முதுகுப்புற உட்கரு சிக்னல் சீக்கிரமே வந்துவிடும்: 128 செல் முதல் 1000 செல் கட்டம் வரை பாருங்கள், 28.5 டிகிரியில் வளர்த்தால் சுமார் இரண்டேகால் முதல் 3 மணி நேரம். அதுவும் ஒரு பக்கத்தில் சில உட்கருக்களில்தான், கருவைத் திருப்பித் திருப்பிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

பதில் 2:
மஞ்சள் கருவுக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு, பச்சையில் அது ரொம்பத் தொல்லை. இரண்டாம் ஆன்டிபாடியை (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிர்வது) அடர்சிவப்புக்கு மாற்றுங்கள், அல்லது ஃபிக்ஸ் ஆன கருவிலிருந்து மஞ்சளை ஊசியால் மெதுவாகச் சுரண்டிவிட்டு மீதியைத் தட்டையாக விரித்துப் பாருங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் சில கருக்களைத் தனியாக வைக்க மறக்க வேண்டாம், அது இல்லாமல் எந்தப் படத்தையும் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செல் ஓரத்துக்கு ஃபாலாய்டினும் (ஆக்டின் இழைகளில் ஒட்டிக் காட்டுவது) சேர்க்கலாமா?

பதில் 2:
சேர்க்கலாம், ஆனால் மெத்தனாலை விட்டுவிடுங்கள், அது பட்டால் ஃபாலாய்டின் சரியாக ஒட்டாது.