எட்டு வருட ஆல்பம் ஒரே ராத்திரியில் போச்சு. மாஸ்டடானுக்குப் போகலாமா?

மயூர்விஹார் வாசி:
தில்லி மயூர் விஹாரில் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பொங்கல், கொலு, வளைகாப்பு என்று எட்டு வருடப் படங்களை ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தோம். போன செவ்வாய் காலை பார்த்தால் பக்கமே இல்லை. “விதிமீறல்” என்று ஒரு வரி, அவ்வளவுதான். கடைசியாக ஏற்றியது, ஒருவர் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போய் அலகு குத்திக்கொண்ட படம். இயந்திரம் அதை ரத்தக் காயம் என்று நினைத்திருக்கும், என் ஊகம். முறையிட்டேன், இரண்டே நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள். மனிதர் பார்த்திருந்தால் கண்ணாடி தேடவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். மாஸ்டடான் மாதிரி ஒருத்தர் பிடியில் இல்லாத இடத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காதா?

தட்டுவடை:
இருக்கும் சார், ஆள்தான் மாறும். மாஸ்டடான் ஒரே கம்பெனி இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள், 2018-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. ஈமெயில் மாதிரிதான். ஆனால் உங்கள் சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் அவரும் உங்களைத் தூக்கலாம். வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஆக, ஆல்பம் அங்கேயும் அம்போ. நானே முப்பது பேருக்கு ஒரு சர்வர் நடத்தினேன். டிஸ்க்கை நிரப்பியது எங்கள் படங்கள் இல்லை, வெளிச் சர்வர்களிலிருந்து வந்து தேங்குகிறவை. தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் கூட்டிப் பெருக்கிப் பெருக்கி, கடைசியில் கடையை மூடிவிட்டேன்.

கரோல்பாக் காபி:
2019-இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, கோபத்தில் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அவர் விஷயத்திலும் ஒரு படம்தான் பிரச்சினை: நாஜி வணக்கம் செய்கிற கூட்டத்தில் கைகட்டி நிற்கும் ஒற்றை ஆள். எனக்குத் தெரிந்தவர்கள் பொங்கலுக்குள் திரும்பிவிட்டார்கள். அரசே தடுத்தால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2023 மே மாதம் 14 செயலிகளை முடக்கினார்கள். மாஸ்டடான் மாதிரியே பல சர்வர்களாகப் பிரிந்திருக்கும் மேட்ரிக்ஸ் வலையில் ஓடும் எலிமெண்டும் அதில் உண்டு, இணையமே இல்லாமல் ப்ளூடூத்தில் செய்தி கடத்தும் பிரையரும் உண்டு. உங்கள் விஷயத்துக்கு இதெல்லாம் வேண்டாம் சார். சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரி), வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், போதும்.

மயூர்விஹார் வாசி:
சரி, டொமைன் வாங்கியாச்சு. இப்போது வீடு வீடாகப் படம் கேட்டு அலைகிறேன். கிடைப்பதெல்லாம் வாட்ஸாப்பில் சுருங்கியவை. 2018 கொலுவில் எது பொம்மை, எது குழந்தை என்றே தெரியவில்லை.