முழு செயினா, ஹெடர் மட்டுமா? பிட்காயின் நோடு பத்தி ஒரு சந்தேகம்

காட்பாடிவாசி:
அப்பா வேலூர்ல பத்திர எழுத்தரா இருந்தவர். "வில்லங்கம் சுத்தமா இருக்குதுன்னு நிக்காதே, மூலப் பத்திரத்தைப் புரட்டு"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அதனாலதான் எனக்கு வந்த பிட்காயினை, சொந்தமா நோடு (செயினை இறக்கிச் சரிபார்க்கிற மென்பொருள்) ஓட்டி நானே சரிபார்க்கணும்னு பிடிவாதம். லேப்டாப்ல இருக்கிறது 500 ஜிபி. செயின், அதாவது எல்லாப் பரிவர்த்தனையும் பிளாக் பிளாக்கா அடங்கின பதிவேடு, 600 ஜிபியைத் தாண்டிடுச்சு. ஹெடர், அதாவது ஒவ்வொரு பிளாக்கோட சுருக்கத் தலைப்பு, ஒண்ணு 80 பைட், வருஷத்துக்கு 4.2 எம்பி தான் ஆகுது. அதை மட்டும் வச்சுக்கிட்டா எதை இழக்கிறேன்?

குடியாத்தம் தம்பி:
அண்ணே, ஹெடர் மட்டும் வைக்கிறது வில்லங்கச் சான்றோட நின்னுடுற மாதிரி. பிளாக்ல 4000 பரிவர்த்தனை இருந்தாலும் மெர்க்கிள் சான்றுக்கு (ஒரு பரிவர்த்தனை பிளாக்ல இருக்குதுன்னு ஹெடரை வச்சே காட்டுற சான்று) 12 ஹாஷ் (தரவோட கைரேகை மாதிரி ஒரு எண்), 384 பைட் போதும். ஆனா உங்க பரிவர்த்தனை அந்த பிளாக்குக்குள்ள இருக்குதுங்கிறதை மட்டும்தான் அது காட்டும். அந்த பிளாக்கே விதிப்படி செல்லுமான்னு காட்டாது. 2015 ஜூலை 4ல சில மைனருங்க (புது பிளாக் உருவாக்குறவங்க) சரிபார்க்காமலே செல்லாத பிளாக் மேல அடுக்கிட்டே போனாங்க, 6 பிளாக் வரைக்கும். அது அத்தனையும் வீணாச்சு. ஹெடரை மட்டும் பார்க்கிற லேசான வாலட் வச்சிருக்கிறவங்க வழக்கத்தைவிட 30 கன்பர்மேஷன் (மேல சேர்ற பிளாக்) கூடுதலா காத்திருக்கணும்னு அப்ப எச்சரிக்கை போட்டாங்க.

வாலாஜா:
இன்னொண்ணு சார். லேசான வாலட்டுக்குத் தகவல் தர்ற சர்வரால இல்லாத பரிவர்த்தனையை இருக்குன்னு சொல்ல முடியாது, இருக்கிறதை மறைக்க முடியும். பதிவாகாத அடமானம் வில்லங்கத்துல வராதில்ல, அப்படி. வாலட் தனக்கு வேண்டியதை சல்லடை மாதிரி அனுப்பிக் கேட்கிற பழைய புளூம் ஃபில்டர் முறையில உங்க முகவரி எதெதுன்னு எதிர்ப்பக்கம் ஊகிச்சிடலாம். சல்லடையை வாங்கி வாலட்டே சலிச்சுக்கிற காம்பாக்ட் பிளாக் ஃபில்டர்ல அந்தக் கசிவு ரொம்பக் குறைவு, பதிலுக்கு டவுன்லோடு கூடும்.
என் யோசனை, முழு நோடையே ப்ரூனிங் (பழைய பிளாக்கைக் கழிக்கிற அமைப்பு) போட்டு ஓட்டுங்க. எல்லா பிளாக்கையும் ஒரு தடவை இறக்கிச் சரிபார்த்துட்டு பழசை அழிச்சிடும். பிளாக் கோப்புக்கு 550 எம்பி வரைக்கும் குறைக்கலாம். செலவாகாத காசோட பட்டியல் மட்டும் தனியா சுமார் பத்து ஜிபி பிடிக்கும்.

காட்பாடிவாசி:
மே மாச வெயில்ல, கரண்ட் வேற போய்ப் போய் வருது, லேப்டாப் தாங்குமா?

வாலாஜா:
நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய பிளாக்குகளோட கையெழுத்துச் சோதனையை பிட்காயின் கோர்ங்கிற நோடு மென்பொருள் தானாவே தவிர்க்கும், தொகையும் இரட்டைச் செலவும் பார்த்துடும். கையெழுத்தும் வேணும்னா அசியூம்வேலிட்ங்கிற அமைப்பை 0 ஆக்கணும், நாள்கணக்கு இழுக்கும். பழைய வாலட் ஏதாவது இருந்தா முதல்லயே சேர்த்துடுங்க. அழிஞ்ச பிறகு சேர்த்தா மறுபடி முழுசா இறக்கணும்.

காட்பாடிவாசி:
மச்சானோட 2017 வாலட் ஒண்ணு இருக்குது, நல்லவேளை சொன்னீங்க. அதைச் சேர்த்துட்டு, 0 போட்டே ஓட விடுறேன். ராத்திரி பத்துக்கு மேல, மொட்டை மாடி அறையில.