மறு: கோல்டு ஏர் இன்டேக் – ‘குளிர்’ வேண்டாம், ‘வாய்’ வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

கார் எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் பாகங்களை, கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக வெளியே வாங்கிப் பூட்டுகிறார்கள். அவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த முன்மொழிவுகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> கோல்டு ஏர் இன்டேக் = குளிர்காற்று உள்ளிழுப்பி
> ஷார்ட் ராம் இன்டேக் = குறுந்தாக்கு உள்ளிழுப்பி
> ஆஃப்டர்மார்க்கெட் = பிற்சந்தை

மூன்றிலும் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தன் காருக்கு இதை வாங்கப் போகிற ஒருவர் இந்தச் சொற்களைப் படித்தால் எதை வாங்குவது என்று தெளிவு பிறக்காது. தவறான பொருளை வாங்கிவிடவும் கூடும். மூலப் பெயர்களே விற்பதற்காக வைத்த பெயர்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் கூடவே விளம்பரத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவோம். பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பொருள். ஒரு சாதாரண பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்தால், முன்பக்க கிரில்லுக்குச் சற்றுப் பின்னால் தட்டையான பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாயைத் திறந்தபடி இருக்கும். அங்கே நுழையும் காற்று மெக்கானிக்குகள் ‘ஏர் ஃபில்டர் பாக்ஸ்’ என்று சொல்லும் பெட்டிக்குள் போய், மடிப்பு மடிப்பான காகித வடிகட்டியைக் கடந்து, ரப்பர் குழாய் வழியாகத் திராட்டிலை (ஆக்சிலேட்டரை மிதிக்கும் அளவுக்குத் திறந்து காற்றை விடும் தகடு) அடைகிறது. அதற்கு அப்புறம் கிளை பிரிந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும். அளவில் பார்த்தால் 9,000 லிட்டர். இவ்வளவும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

இதில் ‘இழுக்கும்’ வேலையைக் குழாய் செய்வதில்லை. பிஸ்டன் கீழே இறங்குகிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று தானே உள்ளே தள்ளப்படுகிறது. அதனால்தான் ‘உள்ளிழுப்பி’யில் உள்ள அந்த ‘இ’ எனக்கு உறுத்துகிறது. வடிகட்டி, மின்னாக்கி, உணரி என்று வேலை செய்யும் கருவிகளுக்கு அந்த விகுதியை வைத்திருக்கிறோம். நாளைக்கு டர்போவுக்குச் சொல் தேடும்போது அது தேவைப்படும். காற்றை உண்மையிலேயே பிடித்துத் தள்ளுகிற பொருள் அதுதான். வெறும் குழாய்க்கு இப்போதே கொடுத்துவிட்டால் அப்போது கை வெறுமையாக இருக்கும். ‘உள்ளிழுப்பு’ என்பதை, வால்வு திறந்து பிஸ்டன் இறங்கும் அந்த வீச்சுக்கு மட்டும் விட்டுவைப்போம். குழாய், பெட்டி, வடிகட்டி எல்லாம் சேர்ந்த அமைப்புக்குக் காற்றுவழி போதும். அது தொடங்கும் திறப்புக்குக் காற்றுவாய். வாய்க்கால், கணவாய், வாயில் என்று வழியும் திறப்பும் வரும் இடத்திலெல்லாம் ‘வாய்’ ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

இப்போது ‘குளிர்’. சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது எந்தக் குழாயைப் பூட்டினாலும் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்காது. வெளிக்காற்று கிடைக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்பது உண்மை. பானெட்டுக்கு அடியில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 40 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்று 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத 90 குதிரைத்திறன் எஞ்சினில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது, கணக்குப்படி ஐந்து குதிரைத்திறன் அங்கேயே போகிறது. ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாய் எங்கே இருக்கிறது என்பது: பானெட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

அந்தக் கேள்விக்குப் பெயரே பதில் சொல்லட்டும். முன்பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ போய் வெளிக்காற்றை எடுப்பது (கோல்டு ஏர் இன்டேக்) வெளிவாய்க் காற்றுவழி. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கூம்பு வடிகட்டியைச் சொருகி அங்கிருக்கும் காற்றையே எடுப்பது (ஷார்ட் ராம் இன்டேக்) உள்வாய்க் காற்றுவழி. இப்படிச் சொன்னதும் இன்னொன்றும் புலப்படும். கம்பெனி பொருத்திக் கொடுத்த காற்றுவழி பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவாய்தான். அதைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலுமினியக் குழாயோடு உள்வாய் ஒன்றைப் பூட்டுகிறவர், நல்ல காற்றைக் கொடுத்துவிட்டுச் சூடான காற்றை வாங்குகிறார். சின்ன கார்களில் அந்தக் கூம்பு ரேடியேட்டர் விசிறிக்கு ஒரு சாண் பின்னால் உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் சிக்னல் சிக்னலாக நின்று வந்து பானெட்டைத் திறந்தால் அந்தக் குழாயில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாது. ‘குறுந்தாக்கு உள்ளிழுப்பி’ என்ற பெயரில் இந்த உண்மைக்கு இடமே இல்லை. ‘உள்வாய்’ என்றால் கடையில் நின்றே கேட்டுவிடலாம்: “அண்ணே, இது வெளிவாயா, உள்வாயா? வெப்பத் தடுப்பு கூட வருமா?”

‘உள்வாய்’ என்றால் பல் மருத்துவம் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். பின்னால் ‘காற்றுவழி’ வருவதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை. உள், வெளி என்ற எதிர்மை மட்டும் போகக் கூடாது.

‘ராம்’ என்பதற்குத் ‘தாக்கு’ வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓடும் வேகத்தால் காற்று உள்ளே திணிக்கப்படுகிறது என்பது அந்தச் சொல்லின் உரிமைகோரல். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அரை சதவீதம்கூட வரவில்லை. அதுவும் வாய் நேராக முன்னோக்கித் திறந்திருந்தால்தான். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூம்புக்கு அந்த அரை சதவீதமும் கிடையாது. பந்தய மோட்டார்சைக்கிளுக்கு முன்முகத்தில் வாய் வைப்பார்கள். அந்த வேகத்துக்கு அது வேறு கணக்கு. வேண்டுமானால் அதற்கு மட்டும் ‘எதிர்வாய்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

> காலதர் என்ற பழஞ்சொல்லை எடுத்தாளலாமே?

அழகான சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘ஓரதர்’ என்று வால்வுக்கு வந்ததும் இதே வேரிலிருந்துதான். ஆனால் காலதர் இலக்கியத்தில் சாளரம்; இன்றைக்கும் தனித்தமிழ் எழுதுகிறவர்கள் ஜன்னலுக்கு அதைப் புழங்குகிறார்கள். மற்றவர்களுக்குக் ‘கால்’ என்றதும் கால்தான் தோன்றும். பட்டறையில் எடுபடாது.

‘வெளிவாய்’ என்று சொன்னதும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றுக்காக வாயை பம்பருக்குள், பனிவிளக்குக்குப் பின்னால் வரை இறக்குகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் காற்றுவழியில் தண்ணீர் ஏறித்தான் போயின. அவற்றில் மிகப் பல கம்பெனி கொடுத்த உயரத்திலேயே வாய் இருந்த கார்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் அது போனால் மேலே வரும் பிஸ்டன் வழியில்லாமல் நின்று, பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினுக்கெனத் தனிக் காப்பீட்டுச் சேர்க்கை இல்லாவிட்டால் முழுச் செலவும் கைப்பணம். எனவே ‘தாழ்வாய்’, ‘மேல்வாய்’ என்று உயரத்துக்கும் இரண்டு சொல் வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு உள்ளா வெளியா என்பதைவிட இது முக்கியம். ஆழமான நீரில் ஓட்டும் ஜீப்புகளில் கூரை வரை ஏற்றிக் கட்டுவார்களே, அந்த ஸ்னோர்கெலும் மேல்வாய்தான். தனிச்சொல் தேட வேண்டாம்.

வடிகட்டிகளில் அதிகம் சிக்கல் இல்லை. வடிவத்தை வைத்துத் தட்டை வடிகட்டி, கூம்பு வடிகட்டி. பொருளை வைத்துக் காகிதம், எண்ணெய்ப் பருத்தி, உலர் இழை. ‘எண்ணெய்ப் பருத்தி’ என்பதில் உள்ள எண்ணெயைச் சுருக்கம் கருதி விட்டுவிடாதீர்கள். கழுவி மறுபடி பயன்படுத்தும் இந்த வகைக்கு எண்ணெய் அளவுக்கு மீறினால், அது காற்றோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் காற்றுநிறை உணரியில் இருக்கும் மெல்லிய சூடான கம்பியில் படியும். உணரி தப்பாக அளக்கும், எஞ்சின் கணினி பெட்ரோலைத் தப்பாகக் கொடுக்கும். உணரி உட்காரும் இடத்தில் குழாயின் உள்விட்டம் மாறினாலும் இதே கதை: அந்தக் குறிப்பிட்ட அகலத்துக்குத்தான் அளவீடு செய்திருக்கிறார்கள். வடிகட்டிகளை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எவ்வளவு தடை தருகிறது என்ற இரண்டும் அதில் வரும். ‘தடை’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பாகத்துக்கு நிச்சயம் சொல் வேண்டும். கம்பெனிப் பெட்டியை ஒட்டி, எதற்கென்றே தெரியாத வெற்று டப்பா ஒன்று இருக்கும். காற்று உள்ளே போகும்போது எழும் உறுமலை அடக்குவதற்கான ரெசொனேட்டர் அது. ரெசொனன்ஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒத்ததிர்வு, இலங்கையில் பரிவு. ‘ஒத்ததிர்வு அறை’யைவிடப் பரிவறை நாவுக்கு எளிது. பூட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். சத்தம் கூடியதும் பிக்கப் கூடியது போலத் தோன்றும். மைலேஜ் கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். பெட்ரோல் எஞ்சினில் சாதாரணமாக ஓட்டும்போது திராட்டில்தான் பெரிய தடை. வடிகட்டியின் தடை அதன் முன்னால் ஒன்றுமில்லை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்துப் பார்த்தபோது, இன்றைய எரிபொருள் உட்செலுத்து எஞ்சின்களில் அடைத்துப்போன வடிகட்டியை மாற்றியும் மைலேஜில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை.

‘பிற்சந்தை’ பற்றி ஒரே வரி. கடையில் ‘கம்பெனி பொருள்’, ‘வெளிக் கம்பெனி பொருள்’ என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் பிறர் தயாரிப்பு என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

> ஏர் இன்டேக் என்றே விட்டுவிட்டால் என்ன?

பேச்சில் விட்டுவிடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் தமிழில் ஒரு கையேடு எழுதினால், அதைப் படிக்கும் பாலிடெக்னிக் மாணவனுக்கு உள்ளும் வெளியும் சொல்லிலேயே தெரிய வேண்டும். அந்த வாய்ப்பு நமக்கு இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வழக்கில் ‘காற்று’ என்றால் வீசும் காற்று, நாம் சுவாசிக்கும் பொருளுக்கு ‘வளி’. அப்படியானால் வளிவழி, வளிவாய் என்று வரும். இரண்டு வகரம் அடுத்தடுத்து வருவது சொல்லச் சிரமமாக இருக்கிறதா? உங்கள் பக்கத்துக் கராஜில் இதை என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். திராட்டிலுக்கு அப்புறம் சிலிண்டர்களுக்குக் கிளை பிரியும் மேனிஃபோல்டுக்குப் ‘பன்மடி’ என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். அது கணிதத்துச் சொல், இங்கே ஒட்டாது. ‘கிளைக்குழாய்’ என்று நான் வைத்திருக்கிறேன். புகைபோக்கும் பக்கத்துக்கும் அதுவே பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்