கிரீஸ்–துருக்கி: பகை தணிந்ததா, பதுங்கியதா?

தேன்மொழி:
1999 ஆகஸ்ட் 17, விடிகாலை 3 மணி. துருக்கியின் இஸ்மித் பகுதியில் நிலநடுக்கம். அரசுக் கணக்கிலேயே 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உடனே ஓடிவந்தவர்களில் கிரேக்க மீட்புக் குழுவும் இருந்தது. ஆறு மாதம் முன்புதான் துருக்கி தேடிவந்த குர்துத் தலைவர் ஒஜலானை நைரோபியில் கிரேக்கத் தூதரகம் மறைத்து வைத்திருந்தது அம்பலமாகி, இரு நாடும் கொதித்துப் போயிருந்தன. மூன்று வாரத்தில், செப்டம்பர் 7 அன்று, ஏதென்ஸிலும் நிலம் நடுங்கி 143 பேர் இறந்தார்கள். இப்போது துருக்கி மீட்புக் குழு அங்கே போனது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போவோம், சாவுக்குக் கூப்பிடாமலே போவோம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அந்த டிசம்பரில் ஹெல்சிங்கி உச்சி மாநாட்டில், துருக்கி ஐரோப்பிய ஒன்றிய வேட்பாளர் நாடாவதற்குப் போட்டிருந்த முட்டுக்கட்டையை கிரீஸ் எடுத்துவிட்டது. சாதாரண மக்களின் கண்ணீர் செய்த வேலை அது என்பது என் நம்பிக்கை.

வரப்பு:
சாவுக்கு வருவான் சரி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதே ஆள் வரப்பை வெட்டுவான், அதையும் நம் ஊரில்தான் பார்த்திருக்கிறேன். இரு நாட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏஜியன் கடலில் எது தீர்ந்தது? கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய கடலடி நிலம், யாருக்கு என்பது தீரவில்லை. கிரீஸ் தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக நீட்டினால் அது போருக்குக் காரணம் என்று 1995இல் துருக்கி நாடாளுமன்றம் போட்ட தீர்மானம் அப்படியே இருக்கிறது. வான் எல்லை 10 மைலா, 6 மைலா என்ற சண்டையும் ஓயவில்லை. 2002இலிருந்து 60 சுற்றுக்கு மேல் பேசியாகிவிட்டது.

இன்னொன்று. நிலநடுக்கம் பகையை ஆற்றும் என்றால் 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பாகிஸ்தான் நிவாரணம் அனுப்பியதே, ஜூலையில் ஆக்ராவில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் பேச்சு என்ன ஆனது? அந்த டிசம்பரில் எல்லையில் படைகள் எதிரெதிரே குவிந்தன. கண்ணீருக்கு அவ்வளவுதான் பலம்.

தேன்மொழி:
பூஜ் உதாரணம் சரியான அடி. யோசித்துப் பார்த்தேன், "மக்கள்தான் செய்தார்கள்" என்று நான் எழுதியது பாதி உண்மைதான். கிரேக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பாப்பாண்ட்ரேயுவும் துருக்கியின் இஸ்மாயில் ஜெமும் கொசோவோ அகதிகள் விஷயமாக அந்த ஜூனிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் அதிகாரிகள் உட்கார்ந்து சுற்றுலா, வர்த்தகம், சுற்றுச்சூழல் என்று எளிதானவற்றிலிருந்து தொடங்கினார்கள். நிலம் நடுங்கியபோது போன் பண்ண ஆள் இருந்தார். பூஜ் நடந்தபோது இங்கே அப்படி ஒருவர் இல்லை.

வரப்பு:
எளிதானதைப் பேசிப் பேசியே கடினமானதைத் தள்ளிப்போடுவதுதான் என் புகாரே. அமைச்சர்கள் சேர்ந்து நடனம்கூட ஆடினார்கள். 2020இல் எரிவாயு தேட துருக்கியின் ஆய்வுக் கப்பல் ஒருச் ரெயிஸ் கிளம்பியதும் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் கடலில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இருபது வருட நட்பு அங்கே என்ன ஆனது?

கடலோடி:
சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருக்கிறேன். அந்த 2020 கோடையில் கிரீட் தீவுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் நாவ்டெக்ஸ் என்று ஒரு கருவி உண்டு, கடல் எச்சரிக்கைகள் அதில் வரும். துருக்கியின் அன்டால்யா நிலையம், "இந்தப் பகுதியில் ஆய்வு நடக்கிறது, விலகிப் போ" என்றது. கொஞ்ச நேரத்தில் கிரேக்க ஹெராக்லியன் நிலையம், "அனுமதியில்லாத நிலையம் செய்தி அனுப்பியிருக்கிறது, அது செல்லாது" என்றது. ஒரே கடல், ஒரே திரை. யார் சொல்வதைக் கேட்பது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எதுவும் தீரவில்லை என்று வரப்பு சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் 1996ஐயும் 2006ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996 ஜனவரியில் இமியா. ஆடு மட்டும் மேய்கிற இரண்டு பாறை. கொடி நட்டதில் ஆரம்பித்து இரு நாட்டு அதிரடிப் படையினரும் பாறையில் ஏறினார்கள். கிரேக்க ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். விலக்கிவிட வாஷிங்டனிலிருந்து அதிபர் கிளின்டனே போன் பண்ண வேண்டியிருந்தது. 2006 மே மாதம் கார்பதோஸ் தீவுப் பக்கம் இரு நாட்டு எஃப்-16 விமானங்கள் வானத்தில் மோதின. கிரேக்க விமானி இறந்தார், துருக்கி விமானியை அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் தூக்கியது. என் தொழில்காரர்கள் செய்த வேலை என்பதால் இது எனக்கு மறக்காது. இமியாவைவிட மோசமாகப் போயிருக்க வேண்டியது. இரு வெளியுறவு அமைச்சர்களும் அன்றே போனில் பேசி, இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். நடுவில் அமெரிக்கா தேவைப்படவில்லை. 1999இன் அந்த ஜூன், ஜூலைப் பேச்சில் கிடைத்தது இந்தப் பழக்கம்தான்.

வரப்பு:
2006 பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் அண்ணா. இதற்கு முன் நான் அதை இப்படிப் பார்த்ததில்லை. ஆனால் போர் வராமல் தடுப்பது வேறு, தணிவது வேறு. கிரீஸின் கியோஸ் தீவில் இருப்பவருக்கு எதிரே துருக்கிக் கரை விளக்கு தெரிகிறது. அந்தக் கரையில் ராணுவம் எத்தனை என்று எண்ணிக்கொண்டுதான் அவர் இன்னும் வாழ்கிறார்.

தேன்மொழி:
அதே கியோஸுக்கு எதிர்க்கரைத் துருக்கியர் 2024 முதல் படகில் வந்து இறங்கி, அங்கேயே ஏழு நாள் விசா வாங்கிக்கொள்கிறார்கள். பத்துத் தீவுகளுக்கு இந்த ஏற்பாடு வந்தது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் மறுபடி பூமி பிளந்தபோது கிரேக்கக் குழு மறுபடி போனது, டிசம்பரில் கிரேக்கப் பிரதமர் மிட்சோடாகிஸும் துருக்கி அதிபர் எர்தோவானும் நட்புறவுக்கான ஏதென்ஸ் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ராணுவத்தை எண்ணிக்கொண்டிருந்தவரின் கடையில் இப்போது எதிர்க்கரை ஆள் சாப்பிட உட்காருகிறார். இதை ஒன்றுமில்லை என்று என்னால் தள்ள முடியாது.

வரப்பு:
தள்ளவில்லை. 1995 தீர்மானத்தைத் துருக்கி நாடாளுமன்றம் ரத்து செய்கிற அன்று இதே விவாதத்துக்கு வந்து, நீங்கள் சொன்னது சரி என்று நானே எழுதுகிறேன்.