ஜனவரியில் டெல்லி, இரண்டு நாள், இரண்டு பேர்: இந்தத் திட்டம் தேறுமா?

மூட்டைமுடிச்சு

வணக்கம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல்முறையாக, ஊர், உறவு, வேண்டுதல் எதுவும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய்வரலாம் என்று பொங்கல் லீவை ஒட்டி வரும் சனி ஞாயிறுக்கு டெல்லி டிக்கெட் போட்டுவிட்டேன். ஏன் டெல்லி என்றால், பேசும்போது வாயிலிருந்து புகை வர வேண்டும் என்பது மனைவிக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆசை. மலைக்குப் போகலாமென்றால் கொண்டை ஊசி வளைவைப் படத்தில் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

திட்டம் இதுதான். வெள்ளி இரவு 11 மணிக்கு இறங்குகிறோம். சனி விடிகாலை 4.30க்கு டாக்ஸி, சூரியன் உதிக்கும்போது தாஜ்மஹால், மத்தியானம் திரும்பி வந்து குதுப் மினார், ராத்திரி இந்தியா கேட். ஞாயிறு செங்கோட்டை, சாந்தினி சவுக், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், நேரமிருந்தால் சரோஜினி நகர் மார்க்கெட். ராத்திரி 9.40க்கு விமானம், திங்கள் காலை இரண்டு பேருமே ஆபீஸில் இருந்தாக வேண்டும்.

ரூம் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மலிவு, இன்னொன்று ராத்திரிக்கு 900 ரூபாய் அதிகம். தூங்க மட்டும்தானே, மலிவானதே போதும் என்று நினைக்கிறேன். இன்னொரு விஷயம், அவளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, பத்து வருஷமாக ஒன்றுமில்லை. பயப்பட வேண்டுமா? ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று இருக்கிறது.

ஆர்கேபுரம்வாசி

தம்பி, 22 வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆக்ராவை எடுத்துவிடுங்கள். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை மூடுபனிக்காகவே கார்களின் வேக வரம்பை 100லிருந்து 75க்குக் குறைத்துவிடுகிறார்கள், அப்படியும் வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் மோதிய செய்தி வரும். விடிகாலை 4.30 என்பது அந்தச் சாலையில் இருக்கவே கூடாத நேரம். கஷ்டப்பட்டுப் போய்ச் சேர்ந்தாலும் தாஜ்மஹால் இருக்கும் திசையைத்தான் கைட் காட்டுவார். போன வருஷம் என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன், பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த போட்டோவில் பெஞ்ச் இருக்கிறது, மச்சான் இருக்கிறார், பின்னால் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒன்றுமேயில்லை.

ஜனவரியில் டெல்லியின் பகல் என்பது 11 மணி முதல் 4 மணி வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிப்பதே ஏழேகாலுக்கு, அதுவும் பஞ்சாங்கப்படி. ராத்திரி வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்தால் தரை மளமளவென்று குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். நகரத்துப் புகை, தூசி எல்லாம் அந்த மூடிக்கு அடியில்தான். ஈரம் அந்தத் தூசிமேல் படிந்து மூடுபனியாகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். ஆகவே வீசிங் இருந்தவருக்கு வாக்கிங் நேரம் விடிகாலை இல்லை, மத்தியானம். நம்மூர் வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண் 300க்கு மேல் போனால் மிக மோசம், 400க்கு மேல் கடுமை. 400 தாண்டிய நாளில் கூரையுள்ள இடமாகப் பார்த்துப் போங்கள், தேசிய அருங்காட்சியகம் மாதிரி (திங்கள் லீவு, உங்களுக்குப் பிரச்சினை இல்லை). துணி மாஸ்க் உதவாது, என்95 வேண்டும். பத்து வருஷமாக வரவில்லை என்றாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு இன்ஹேலரைக் கையோடு வைத்திருங்கள். சூட்கேஸில் இல்லை, கைப்பையில்.

இன்னொன்று, குடியரசு தின ஒத்திகை. ஜனவரி மூன்றாவது வாரத்திலிருந்து இந்தியா கேட், கர்தவ்ய பாதை பக்கம் எந்த ரோடு எப்போது மூடும் என்று எங்களுக்கே தெரியாது. 26ஐ நெருங்க நெருங்கக் காலையில் இரண்டரை மணி நேரம் போல விமானங்களையும் நிறுத்தி வைப்பார்கள். உங்கள் தேதிக்குப் பாதிப்பு உண்டா என்று அந்த வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை திறந்திருக்கிறதா என்பதையும்.

வெந்நீர்ப்பானை

மேலே அண்ணன் வெளியில் அடிக்கும் குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் உள்ளே அடிக்கும் குளிரைச் சொல்கிறேன். அந்த 900 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு. ஏனென்றால் டெல்லியில் சாதாரண ஹோட்டல் கட்டடங்கள் மே மாத வெயிலுக்காகக் கட்டியவை: மார்பிள் தரை, உயர்ந்த கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். வெளியே 7 டிகிரி என்றால் உள்ளே 12, 13 இருக்கும், அவ்வளவுதான். சென்டிரல் ஹீட்டிங் எல்லாம் பெரிய ஹோட்டலில்தான்.

நாங்கள் போன வருஷம் தங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். ஏசி ரூம் என்று போட்டிருந்தது, அந்த ஏசி குளிரூட்ட மட்டும்தான் செய்யும் என்று போய்ப் படுத்தபிறகு தெரிந்தது. ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம், கட்டிய பிறகு வந்தது ஒரு ராட் எரியாத பழைய பெட்டி. ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை தந்தார்கள், நல்ல மூட்டை கனம், ஆனால் முதல் இருபது நிமிஷம் அதற்குள் நுழைவது ஈரத்துணியைப் போர்த்திக்கொள்வது மாதிரி, நம் உடம்புச் சூட்டில்தான் அது சூடாக வேண்டும். விடிகாலை பாத்ரூம் போக எழுந்து வெறுங்காலை அந்த மார்பிளில் வைத்தேன் பாருங்கள், என் வீட்டுக்காரர் முழித்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். கீசரில் ஒன்றரை வாளி வெந்நீர். முதலில் குளித்தவர் பாக்கியசாலி. எங்களுக்குள் அந்த ட்ரிப்பில் நடந்த ஒரே சண்டை அதுதான்.

அதனால் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். ரூமில் ஹீட்டர் உண்டா, காசு தனியா, வெந்நீர் எத்தனை மணிக்கு. ஜன்னல் வெயில் விழும்படி தெற்குப் பார்த்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். ஆயில் ஹீட்டர் கிடைத்தால் நல்லது. கம்பி சிவக்கும் ஹீட்டரோ, ஊதும் ஹீட்டரோ என்றால் காற்று வறண்டு தொண்டை கட்டும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். யாராவது பாசத்தோடு அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு கொண்டுவந்து தரட்டுமா என்றால் ரூமுக்குள் விடாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு சேர்ந்து தூக்கத்திலேயே இறந்துபோகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே உண்டு.

துணி விஷயம்: ஸ்வெட்டர் ஒன்று போதாது, ஆனால் புதிதாக ஜாக்கெட் வாங்கிப் பணத்தைக் கரைக்கவும் வேண்டாம். உள்ளே தெர்மல், மேலே சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா. கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, ரூமுக்குள் போட ஒரு செருப்பு. மத்தியானம் வெயிலில் 20 டிகிரி வரை ஏறும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள், அதை வைத்துக்கொள்ளக் காலிப் பை ஒன்று.

ரயில்கிறுக்கன்

ஆக்ராவை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடாதீர்கள் சார். கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை 8.10, ஆக்ரா கண்டோன்மென்ட் 9.50. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகிற வண்டி. வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ்மஹாலுக்கும் வெள்ளிதான் லீவு, கணக்குச் சரியாக இருக்கிறதா? சனிக்கிழமை போய்ச் சாயங்காலமே திரும்பிவிடலாம். பதினொன்றரைக்கு மேல் பனி விலகி அந்த வெள்ளைக் கல்லில் வெயில் விழும்போது பார்த்தால் உங்கள் மனைவி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

ஆர்கேபுரம்வாசி

கதிமான் நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. பனி நாளில் அதுவும் ஊர்ந்துதான் வரும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எத்தனை மணி நேரம் தாமதமாக வருகிறது என்று ஜனவரியில் ஒரு வாரம் பாருங்கள், புரியும். வெள்ளி இரவு 11க்கு இறங்கி ரூமுக்குப் போய்ப் படுக்க ஒரு மணி, 6.30க்கு எழுந்து குளிரில் ஸ்டேஷன். இரண்டே நாள் வருகிற ஜோடிக்கு இது பயணமா, தண்டனையா?

ஞாயிறு ராத்திரி விமானத்தைப் பற்றியும் சொல்ல மறந்துவிட்டேன். 9.40 பரவாயில்லை, அடர்பனி பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான். ஆனால் உங்களைக் கூட்டிப் போக வேண்டிய விமானம் காலையிலிருந்தே தாமதமாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். CAT III என்று ஒன்று சொல்வார்கள், பார்வைத் தூரம் ரொம்பக் குறைந்தாலும் இறங்க உதவும் ஏற்பாடு, விமானம், பைலட் இரண்டுக்கும் அந்தத் தகுதி இருந்தால்தான் பயன். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம், ஆனால் வானிலைக்கு நஷ்டஈடு கிடையாது. திங்கள் காலை மீட்டிங் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூட்டைமுடிச்சு

வணக்கம், இது மூட்டைமுடிச்சின் மனைவி, அவர் கடைக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் படித்தேன். எட்டு இடம் போட்டிருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு தாஜ்மஹால் வேண்டாம், ஷாப்பிங்கும் வேண்டாம். இரண்டே கேள்வி: நிஜமாகவே வாயில் புகை வருமா? குளிரில் அங்கே இருக்கிறவர்கள் என்னதான் செய்வார்கள்?

ஆர்கேபுரம்வாசி

வரும்மா, கண்டிப்பாக வரும். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றில் ஈரம் இருந்தால் போதும், காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்று "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், வெயில் காய்வார்கள். சிரிக்காதீர்கள், இங்கே அது ஒரு வேலை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லோதி கார்டன் போங்கள், டிக்கெட் கிடையாது. சையித், லோதி சுல்தான்கள் காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே புல்வெளி முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து, ஆரஞ்சை உரித்துக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டு, சூரியன் நகர நகரப் போர்வையையும் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒரு பெட்ஷீட்டை விரியுங்கள். மூன்று மணிக்கு எழுந்து ஹுமாயூன் கல்லறை, ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிஷம். இந்தியர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் 35. 1993லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்பார்கள். நாலரை மணி வெயிலில் அந்தச் சிவப்புக் கல்லைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு ஆக்ரா போகாத குறை தீர்ந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு இருட்டிவிடும், ரூமுக்குப் போய்விடுங்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு மேல் சாந்தினி சவுக். அன்றைக்குக் கடைகள் பெரும்பாலும் லீவு, அதுவே நல்லது, நடக்க இடம் இருக்கும். தௌலத் கி சாட் என்று தேடுங்கள், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். பாலையும் க்ரீமையும் ராத்திரி திறந்த வெளியில் பனியில் வைத்துக் கடைந்து, மேலே வருகிற நுரையை மட்டும் வழித்து எடுப்பார்கள், குங்குமப்பூ மஞ்சள், மேலே கோவாவும் சர்க்கரைப் பொடியும். கண்ணாடி மூடிய பெரிய தட்டோடு தெருவில் நிற்பார்கள். கரண்டியில் எடுத்தால் கனமே இருக்காது, வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாது. வெயில் ஏறினால் நுரை தளர்ந்துவிடும், அதனால் ரொம்ப மத்தியானமாக்காதீர்கள். அங்கிருந்து டெல்லி கேட் மெட்ரோவுக்கு எதிரே மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தை, பிடித்தால் போங்கள். இல்லாவிட்டால் எங்கள் பக்கம் மலை மந்திர் இருக்கிறது, முருகன். தமிழ்க்குரல் கேட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும்.

ரயில்கிறுக்கன்

கோயில் வேண்டுதல் இல்லாத ட்ரிப் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார், அண்ணா முருகனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

வெந்நீர்ப்பானை

வெந்நீர் எத்தனை வாளி என்று கேட்டீர்களா தம்பி?

மூட்டைமுடிச்சு

போய்வந்துவிட்டோம். வெந்நீர் தாராளம் அக்கா, 900 ரூபாய் கொடுத்த ரூம். போகும் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம், திரும்பி வரும்போது மூன்று மணி நேரம். திங்கள் காலை ஆபீஸ் போனேன், என்ன செய்தேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை காற்று 340 காட்டியது, அவள் மாஸ்க் போட்டுக்கொண்டாள், இன்ஹேலர் பையைவிட்டு வெளியே வரவில்லை. லோதி கார்டனில் பெட்ஷீட் விரித்துப் படுத்தவன் மூன்றரை வரை தூங்கிவிட்டேன், நான் திட்டம் போட்ட பட்டியலில் இருந்து ஒரே ஒரு இடம்தான் பார்த்தோம், அது சாந்தினி சவுக். தௌலத் கி சாட் அவள் மூன்று தொன்னை சாப்பிட்டாள். எனக்கு ஒன்றே போதும் என்று இருந்தது, காற்றுக்குக் காசு கொடுத்த மாதிரி. ஹுமாயூன் கல்லறை வாசல்வரை போய் டிக்கெட் வாங்க நான்கேமுக்கால் ஆகிவிட்டது, கடைசிக் கால் மணி நேரம் வெயில் இருந்தது.

புகை வந்தது. ஞாயிறு காலை ஏழரைக்கு என்னை எழுப்பி, குல்லாவைத் தலையில் மாட்டி, வாசலுக்கு இழுத்துப்போய் எதிரில் நிறுத்தி, என் பெயர், அவள் அம்மா பெயர், எங்கள் தெரு பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.